சர்வருக்குப் பால் காய்ச்சியவர்

கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால், அதன் தலையில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "லேசாச் சுடுது, நேத்து ரொம்ப வேலை வாங்கிட்டீங்க" என்று சொல்லக்கூடிய ஆள் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். லாபு பக்கத்தில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவர் பெரிய கிராணி. தோட்டத்தைப் பார்க்காத இளசுகளுக்குச் சொல்கிறேன், கிராணி என்றால் கணக்கு, கடிதம், சம்பளம், சண்டை எல்லாவற்றையும் எழுதிவைக்கிற ஆபீஸ் ஆள். இவருக்கு ஊர் வைத்த பெயர் சாம்பிராணி கிராணி. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்ததாம். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் தூபக்காலில் கரியைப் போட்டு, சாம்பிராணியைத் தூவி, கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றுவார். சுவரில் இருக்கும் சாமி படத்துக்கு ஒரு சுற்றுத்தான். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால், "சாமிக்கு நாம இல்லாட்டியும் ஆள் இருக்கு மா, இதுக்கு யாரு இருக்கா?" என்பார்.

இத்தனை வருஷப் புகையும் எங்கே போயிருக்கும்? நான் அந்த மெஷினின் பக்கத்து மூடியைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. காற்றாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பஞ்சு மெத்தை முனகிக்கொண்டே சுற்றியது. ஊதினேன். ஆபீஸ் முழுக்கக் கோயில் வாசம் பரவியது. ஏதோ கேட்க வந்த, தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவர் வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

நான் எதற்காக அந்த மூடியைக் கழற்றினேன் என்று சொல்லவில்லையே. நான் ராசா என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். சிரம்பானில் கம்பெனியின் தலைமை ஆபீஸில் கணினிப் பிரிவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தலைவி ரோஸ்னா, மலாய் மரியாதைப்படி புவான் ரோஸ்னா, அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே ஒரு மேசை விசிறி.

கம்பெனி ஒரு முடிவெடுத்தது. தோட்டத்து ஆபீஸ்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் தனித்தனியாகக் கிடக்கிற ஃபைல்களை எல்லாம் சிரம்பானில் இருக்கும் ஒரே பெரிய சர்வருக்கு மாற்றிவிட வேண்டும். இனி எந்த மெஷின் படுத்தாலும் ஃபைல் படுக்காது, எல்லாரும் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாற்றி முடிந்ததும் பழைய கம்ப்யூட்டர்களை லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போய், உள்ளே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு விற்றுவிடுவார். நல்ல முடிவுதான். லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்து, எனக்கு மீன் கறிச் சோறும் போட்டு அனுப்பினார்கள். அதே தெம்பில்தான் லாபுவுக்குப் போனேன்.

"அங்கிள், ஃபைல் எல்லாம் எடுக்க வந்திருக்கேன்" என்றேன்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"சிரம்பானுக்கு. பெரிய சர்வர் ஒண்ணு இருக்கு."

"அங்க எடம் எப்படி? கூரை கீரை ஒழுகுமா?"

"ஏர்கோன் ரூம் அங்கிள். ராப்பகலா ஜில்லுன்னு இருக்கும்."

"சளி பிடிக்காதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த ஒரு சின்ன டவலை எடுத்துக் கீபோர்டின் மேல் போர்த்தினார்.

மெஷின் முனகியதால் முதலில் மூடியைக் கழற்றி ஊதினேன், அந்தக் கதையைத்தான் முன்பே சொன்னேன். பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னேன். "பாஸ்வர்ட் போடப் போறேன், எல்லாரும் செவுத்தப் பாருங்க" என்றார். நானும் செருப்பைக் கழற்றிய மண்டோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னார். "எம்மு... யூ... ஆரு... யூ... ஜீ... ஏ... என்னு." கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே மண்டோர் சொன்னார், "ஐயா, எம்மு பெரிய எம்மு." கதவு திறந்தது. "பாத்தியா மா, செக்கூரிட்டி எவ்வளவு ஸ்ட்ரோங்கு" என்றார் கிராணி.

"பேக்கப் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"வைக்காம?" என்று சட்டையைத் தூக்கினார். நான் பதறிப்போய் மறுபடியும் சுவரைப் பார்த்தேன். அவர் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து ஒன்று தொங்கியது. தாயத்துக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ்.

கழற்றிக் கொடுங்கள் என்றால் கொடுக்கவில்லை. மந்திரித்துக் கட்டியதை அவிழ்க்கக்கூடாதாம். அப்படியானால் வாரா வாரம் எப்படி பேக்கப் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். செய்தே காட்டினார். மெஷினை மேசை ஓரத்துக்கு இழுத்து, வயிற்றை அதோடு ஒட்டிக்கொண்டு, பென்டிரைவைச் சொருகி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். காப்பி ஆகி முடியும்வரை ஒரு அடி நகர முடியாது. அந்த நேரம் பார்த்து ஹாலின் அந்தக் கோடியில் டெலிபோன் அடித்தது. மண்டோர்தான் ஓடிப்போய் எடுத்தார். "கிராணி ஐயாவா? அவர் காப்பி ஆகிட்டு இருக்காரு லா. அரை மணி கழிச்சு அடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார். அந்த ஆபீஸில் இது வழக்கமாக நடக்கிற காரியம் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரே ஒரு சங்கடம். அந்த பென்டிரைவ் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. ஆடி அமாவாசைக்குப் போர்ட்டிக்சன் கடலில் முழுக்குப் போட்டபோது அதுவும் சேர்ந்து முழுகியிருக்கிறது. அதன்பிறகு மனிதர் வாரா வாரம் அரைமணி நேரம் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றது எல்லாம் சும்மா நின்றதுதான். நான் இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. மண்டோர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அப்புறம் நான் மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கம்பெனி ஃபைல்கள் ஒரு ஓரத்தில் அடக்க ஒடுக்கமாக இருந்தன. மீதி இடம் முழுவதும் 'தோட்டம்' என்று ஒரே ஃபோல்டர். அதைத் திறந்தால் 'மேட்டு லயம்', 'பள்ள லயம்', 'கோயில்'. லயம் என்றால் தோட்டத்துத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள். ஒவ்வொரு லயத்துக்குள்ளும் வீடு வீடாக ஃபோல்டர்கள், எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்ததோ அதே வரிசையில். நிஜ லயங்களை இடித்து அங்கே செம்பனை நட்டு ரொம்பக் காலம் ஆகிறது. ஜனங்கள் லாபு, ராசா, லிங்கி என்று ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் மட்டும் யாரும் காலி செய்யவில்லை.

உள்ளே எல்லாம் அவர் ஊர்க்காரர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்தவை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி நோட்டீஸ், அடையாளக் கார்டுக்கு மனு, பள்ளிக்கூடம் மாற்ற மனு. போட்டோக்களும் ஏராளம். முனியம்மா என்பவர் வீட்டைத் திறந்தேன். 'ஆடு புகார்', 'ஆடு புகார் கடைசி', 'ஆடு புகார் உண்மையான கடைசி', 'ஆடு புகார் இனிமே மாத்த முடியாது' என்று நான்கு ஃபைல்கள். தன் ஆட்டைப் பட்டியில் அடைத்துப் பட்டினி போட்ட ஈவிரக்கமில்லாத அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதிய புகார். அந்த அதிகாரி யார் என்று பார்த்தேன். சாட்சாத் சாம்பிராணி கிராணி.

"உங்க மேல உள்ள புகாரை நீங்களேவா அடிச்சுக் குடுத்தீங்க?"

"பாவம், அதுக்கு எழுதத் தெரியாது. வேற யாருகிட்டப் போகும்? 'ஈவிரக்கமில்லாத'ங்கிறது நான் போட்டதுதான். அது சொன்ன வார்த்தைய மேனேஜருக்கு எழுத முடியாது மா."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். ஆனால் புவான் ரோஸ்னாவின் உத்தரவு என் பையில் இருந்தது. கம்பெனி ஃபைல் மட்டும்தான் சர்வருக்குப் போகலாம். மற்றது எதுவும் கூடாது.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். 

"இன்னும் கேட்டு வர்றாங்க மா" என்றார். "போன மாசம் வேலாயுதம் மகன் லிங்கியிலேருந்து மோட்டார்ல வந்தான். அப்பா கருமாதி நோட்டீஸ்ல இருந்த போட்டோ வேணுமாம். வீட்டுல ஒரு போட்டோ இல்லையாம். எடுத்துக் குடுத்தேன், அங்கேயே உக்காந்து அழுதுட்டான். அந்த லாரி வந்துச்சுன்னா இவங்க எல்லாரையும் ஒண்ணா ஏத்திட்டுப் போய்த் தொடச்சிருவான் இல்ல?"

"ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு உங்க கையில குடுத்துடறேன் அங்கிள்."

"எனக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாது. வருஷக் கடைசியில ரிட்டயர் ஆகுறேன். நான் கண்ண மூடுனா அக்கா மகன் அத பழைய சாமானோட சேத்துப் போட்டுருவான். யாராச்சும் பாத்துக்கிற எடமா இருக்கணும் மா. நீயே சொன்னியே, அந்த சர்வர ராப்பகலா ஜில்லுன்னு வச்சிருக்காங்கன்னு."

 அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் போக முடியவில்லை. காரணம், ஆடி மாதம் பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது வீடு மாற்றுவார்களா என்று கேட்டு, சாம்பிராணி கிராணி தலைமை ஆபீஸுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டார். 'ஆடியை முன்னிட்டு ஃபைல்கள் குடிபெயர இயலாத நிலையில் உள்ளன' என்பது அதன் சாரம். புவான் ரோஸ்னா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இந்த ஆடி யார்? ஒரு மாதம் முழுக்க லீவு கொடுத்தது யார்?" என்று கேட்டார். ஆடி என்பது ஒரு மாதம் என்று நான் விளக்கினேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குள் லாரிக்காரருக்கு வேறு ஏதோ வேலை வந்து, அவரே ஒரு மாதம் தள்ளிப்போட்டார். தன் கடிதத்துக்குத்தான் கம்பெனி இறங்கி வந்தது என்று கிராணி தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த ஒரு மாதத்தை மனிதர் வீணாக்கவில்லை. கம்பெனி ஃபைல்தானே போகும்? சரி, எல்லாவற்றையும் கம்பெனி ஃபைல் ஆக்கிவிடுவோம் என்று பெயர் மாற்ற ஆரம்பித்தார். 'கோமதி கல்யாணம்' என்ற ஃபைலுக்கு 'உரம் போட்ட விவரம்' என்று பெயர் வைத்தார். நிஜமான உர விவரத்தை அழிக்க மனசு வரவில்லை. அதற்கு 'கோமதி கல்யாணம்' என்று பெயர் வைத்துவிட்டார். இப்படியே ஜோடி ஜோடியாக ஆள் மாறாட்டம். ஆடி முடிந்ததும் நான் போய், பெயரைப் பார்த்துக் கம்பெனி ஃபைல்களை மட்டும் நல்ல பிள்ளையாக சர்வருக்கு ஏற்றினேன்.

அந்த வாரமே கோலாலம்பூரிலிருந்து டைரக்டர் ஒருவர் வந்தார். மீட்டிங் ரூமில் பெரிய திரை. "எந்தத் தோட்டத்து ஃபைலும் இப்போது ஒரு நொடியில் வரும்" என்று புவான் ரோஸ்னா பெருமையாகச் சொல்லி, லாபு தோட்டத்து உர விவரத்தைத் திறந்தார். திரையில் பிள்ளையார் வந்தார். அவருக்குக் கீழே இரண்டு கிளிகள் மாலையைக் கவ்விக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, சுற்றமும் நட்பும் சூழ வந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டும் என்று பூப்போட்ட எழுத்து.

டைரக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்ன உரம்?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ரூமில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "கல்யாணம் சார்" என்றேன்.

"குலை எடைக் கணக்கைத் திறங்கள்" என்றார் டைரக்டர். திறந்தால் பள்ள லயத்துப் பிள்ளை ஒன்றுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார்ந்து அது வாயைப் பிளந்து அழுகிற போட்டோ திரை முழுக்க வந்தது. டைரக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியானால் உரம் எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். உரம் கோமதியின் பெயரில் லாபுவில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் தண்ணீர் குடித்தேன்.

மீட்டிங் முடிந்ததும் புவான் ரோஸ்னா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "வெள்ளிக்கிழமை லாரி வருகிறது" என்றார். "அந்தக் கிராணியை மெஷினோடு இங்கே வரச் சொல். எது கம்பெனி ஃபைல் என்று அவரே பிரித்துக் கொடுக்கட்டும். மற்றது மெஷினோடு லாரியில் போகட்டும்." டெலிபோனில் இதைச் சொன்னபோது கிராணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி உள்ள போயிரலாமா மா?"

வெள்ளிக்கிழமை தோட்டத்து வேனில் வந்து இறங்கினார். மடியில் கம்ப்யூட்டர், அதன் மேல் சலவை வேட்டி. தோளில் ஒரு பை. கார் பார்க்கில் லாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி நடந்து வந்தார். மேலே வந்து மெஷினை என் மேசையில் வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். எலுமிச்சம்பழம், தேங்காய், பால், வெண்கலச் சட்டி.

"என்ன அங்கிள் இது?"

"புது வீட்டுக்குப் போறப்போ பால் காய்ச்ச வேணாமா?"

"போறது கம்பெனி ஃபைல் மட்டும்தான் அங்கிள். புவான் ஏற்கெனவே கோவமா இருக்காங்க."

"யாரு போறாங்க, யாரு நிக்கிறாங்கன்னு அப்புறம் பாப்போம். வீடு நல்லா இருக்கணும் இல்ல? தேங்காய எங்க ஒடைக்கிறது?"

"தேங்காய் ஒடைக்கவே கூடாது. தண்ணி பட்டா மெஷின் போச்சு."

"சரி, எலுமிச்சம்பழம். சர்வருக்கு அடியில சக்கரம் இருக்குமில்ல?"

"அது ஓடாது அங்கிள், நிக்கிற சக்கரம்."

"நிக்கிறதுக்கும் திருஷ்டி உண்டு மா."

கடைசியில் எலுமிச்சம்பழம் ஒன்று, பால் ஒரு சட்டி, பாலும் பேன்ட்ரி அடுப்பில்தான் என்று பேரம் படிந்தது. பேன்ட்ரி சர்வர் ரூமுக்குப் பக்கத்து அறை. பால் பொங்கி வழிந்தது. அது கிழக்கே வழிந்ததா என்று அவர் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்துத் திரும்பினால் ஆளைக் காணோம். பையின் அடியில் தூபக்கால் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

சர்வர் ரூமில் மூன்றாவது சுற்றுக்குப் போகும்போது அலாரம் அடித்தது. அடித்தது என்றால் அப்படி இப்படி இல்லை, பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் வாய் திறந்த நோயாளியோடு வெளியே ஓடிவந்தார். நான் தூபக்காலைப் பிடுங்கிப் பேன்ட்ரித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். எங்கள் ஆபீஸ் முழுவதும் படிக்கட்டில் இறங்கியது. எல்லாரும் கார் பார்க்கில் சேர்ந்தபோது பார்த்தால், கிராணி கையில் பால் சட்டி. என் கையில் அவருடைய கம்ப்யூட்டர். அதை எப்போது தூக்கினேன், ஏன் தூக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இதையும் ஏத்திரலாமா?" என்று லாரிக்காரர் கைநீட்டினார்.

"வேணாம்" என்றோம் நானும் கிராணியும் ஒரே நேரத்தில்.

பொம்பா வண்டி வந்தது. தீயணைப்பு வீரர்கள் ஓடினார்கள், தீ இல்லை என்று திரும்பி வந்தார்கள். மாடியெல்லாம் வாசமாக இருக்கிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். புகை வெளியேறும்வரை யாரும் மேலே போகக்கூடாது என்றார்கள். புவான் ரோஸ்னா நேராக எங்களை நோக்கி வந்தார். நான் கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கிராணி சட்டியைக் கீழே வைத்து, காகிதக் கப் ஒன்றில் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ரூமா பாரு, புவான்" என்றார். புது வீடு என்று மலாயில் சொல்கிறார்.

"யாருக்குப் புது வீடு?"

சொல்ல ஆரம்பித்தார். தோட்டத்து மலாய், நடுவில் தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ். மேட்டு லயத்து முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து யார் யார் இருந்தார்கள், யாருக்கு எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எந்த மனு எதற்காக எழுதினார், முனியம்மாவின் ஆட்டைத் தான் எதற்காக அடைத்தார் என்று வரிசையாகப் போனார். பேசிக்கொண்டே எல்லாருக்கும் பால் ஊற்றினார். பொம்பா ஆட்களும் குடித்தார்கள். லாரிக்காரர் இரண்டாவது கப் கேட்டு வாங்கினார். பள்ள லயம் பாதிக்கு வந்தபோது கிராணியின் சட்டியில் பால் தீர்ந்துவிட்டது. "இவங்களுக்குன்னு வேற எங்கயும் எதுவும் இல்ல புவான்" என்று நிறுத்தினார்.

புவான் ரோஸ்னா கப்பைக் காலி செய்தார். பிறகு ஆபீஸ் உத்தரவு படிக்கும் அதே குரலில் சொன்னார். "கம்பெனி இடத்தில் கம்பெனி ஃபைல்தான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் சர்வரில் ஒவ்வொரு ஊழியருக்கும் சொந்தமாக ஒரு இடம் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் கொடுத்திருக்கிறோம்."

"என் எடம் பத்தாது புவான். மேட்டு லயத்துல பாதி கூட வராது" என்றார் கிராணி.

"தெரியும். இங்கே எத்தனை ஊழியர்கள் நிற்கிறார்கள்? அவரவர் சொந்த இடத்தில் யாரைக் குடிவைக்கிறார்கள் என்று நான் கதவைத் திறந்து பார்ப்பதில்லை."

சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கணக்குப் பிரிவு மெய் லிங்தான் முதலில் கையைத் தூக்கினாள். "என் இடத்தில் பூனை போட்டோதான் இருக்கிறது. அந்த ஆட்டுக்காரம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன்."

அதன்பிறகு கார் பார்க்கில் வீடு ஒதுக்குகிற படலம் நடந்தது. கிராணி லேசில் யாரிடமும் குடும்பத்தை ஒப்படைக்கவில்லை. "நீங்க கவுச்சி சாப்புடுவீங்களா? அப்ப இவங்க வேணாம், சைவம்" என்றார். ஜென்மப் பகையான இரண்டு குடும்பங்களை ஒரே ஆளிடம் கொடுக்க மறுத்துவிட்டார். ஸ்டோரில் வேலை செய்த ஒரு சாதுவான ஆளுக்கு, தினமும் குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிற ஒருவர் வீடு போனது. "நீங்கதான் பொறுமையா பாத்துக்குவீங்க" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னார். கங்காணி குடும்பத்துக்கு மட்டும் பெரிய இடம் வேண்டும் என்றார். சின்ன வீட்டில் அவர்களுக்குப் பழக்கமில்லையாம். இருப்பதிலேயே பெரிய இடம் புவான் ரோஸ்னாவுடையது. அவர் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி, அனுப்புங்கள்" என்றார். வேலாயுதம் வீட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மேலே போய், உரத்துக்கும் கோமதிக்கும் அவரவர் பழைய பெயரையே வைத்துவிட்டு, ஏற்ற ஆரம்பித்தோம். முதலில் பிள்ளையார் சுழிதான் போக வேண்டும் என்று 'உ' என்ற பெயரில் ஒரு வெறும் ஃபைலை உண்டாக்கினார். உள்ளே ஒன்றும் இல்லாததால் மென்பொருள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. நிறுத்து என்றார். நான் அதற்குள் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். அதன்பிறகு பிள்ளையார் உள்ளே போனார், பின்னாலேயே எல்லாரும் போனார்கள். சாயங்காலம் லாரிக்காரர் வந்து மெஷினைத் தூக்கியபோது கிராணி வேட்டியை மட்டும் உருவிக்கொண்டு, அதன் தலையில் தட்டி, "போய்ட்டு வா" என்றார்.

இப்போது அவர் ரிட்டயர் ஆகி, லிங்கியில் அக்கா வீட்டில் இருக்கிறார். மாதம் பிறந்தால் எனக்கு டெலிபோன் வந்துவிடும். வேலாயுதம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். நான் திறந்து பார்த்து, சௌக்கியம் என்பேன். மெய் லிங் வேறு வேலைக்குப் போகும்போது புதிதாக வந்த பையனிடம் பொறுப்பை ஒப்படைத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "இது வரவு செலவு, இது அலமாரிச் சாவி, இது முனியம்மா" என்றாள். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

போன தீபாவளி லீவுக்கு முன்னால் ஒருநாள் வேலையில்லாமல், அவரவரிடம் கேட்டு எல்லா வீடுகளையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஊருக்கே பத்திரிகை அடித்த மனிதருக்கு அதில் ஒரு வீடு இல்லை. அவருக்காக அடித்தது என்று ஒரு வரி கூட இல்லை. உடனே ஒரு ஃபோல்டரைப் போட்டுவிட்டு டெலிபோன் செய்தேன்.

"அங்கிள், உங்களுக்கும் ஒரு வீடு போட்டிருக்கேன்."

"எங்க மா?"

"மேட்டு லயத்துல."

"சேச்சே. கிராணி லயத்துல இருக்கக் கூடாது மா. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கிராணி வீடு தனியா, தள்ளித்தான் இருக்கும். லயத்துல கல்யாணம்னா மேளச் சத்தம் மட்டும் கேக்கும்."

"இப்ப வெள்ளைக்காரன் இல்லையே அங்கிள். எடம் ஒதுக்குறது நான்தானே."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. 

"பக்கத்துல யாரு?" என்றார்.

"ஒரு பக்கம் வேலாயுதம் குடும்பம். இன்னொரு பக்கம் நான்."

"நீயா?"

"நானும் ஒரு வீடு போட்டுக்கிட்டேன்."

"அப்ப சரி" என்றார்.  "கதவச் சாத்திராத மா, நான் சாமான எடுத்துட்டு வர்றேன்."

எனக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று சொந்தத்தில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரராக வேண்டும் என்று நானாக ஆசைப்பட்டது இந்த ஒரு மனிதரைத்தான்.